முதல் நிலைக் குடியர்

தொண்டிக் கடைத்தெருவில் 'கப்பல்' கூத்தையா என்றால் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷம் கப்பலில் இருந்தவர். கப்பலில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பார்ல இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். அது பொய் இல்லை. பாருக்குப் பின்பக்கம், ஒரு பலகை மறைப்புக்கு அப்பால், சோப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். வெள்ளைக்காரர்கள் குடித்து வைத்த கண்ணாடித் தம்ளர்கள் ஒரு சன்னல் வழியாக உள்ளே வரும். கழுவித் துடைத்து இன்னொரு சன்னல் வழியாக வெளியே தள்ளுவார். அவர் கழுவியவற்றை வரிசையாக அடுக்கினால் தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வரை பஸ் ரோட்டோரம் வைத்துக்கொண்டே போகலாம்.

இந்த விவரம் ஊரில் யாருக்கும் தெரியாது. மனைவி நாகலெட்சுமிக்கு மட்டும் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததல்ல. ஒரு தடவை விடுமுறைக்கு வந்தவர் காபித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்த வேகத்தைப் பார்த்து அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். வெளியில் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் கப்பல் கதை ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கூத்தையா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. எச்சில் தம்ளரின் வாடை பதினோரு வருஷம் மூக்கில் ஏறினால் யாருக்குமே அந்த ஆசை வராது. அவருக்கு வந்த ஆசை வேறு. ஹொனலூலுவில் ஒருமுறை கப்பல் நின்றபோது, இரவல் வாங்கிய தம்ளர்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஒரு பெரிய ஓட்டலுக்குள் போனார். சலவைக்கல் பதித்த அந்தக் கட்டடத்துக்குள் ஒரு கூடத்தில் ஓலை வேய்ந்திருந்தது. மூங்கில் தூண்கள். சுவரில் மீன் வலை. உத்தரத்தில் பந்துபோல் ஊதிக் காய்ந்த பேத்தை மீனின் வயிற்றுக்குள் விளக்கு எரிந்தது. மூலையில் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு மரச் சாமி. அந்த மாதிரிக் கூடத்துக்குப் பெயர் டிக்கி பார் என்றார்கள். பட்டு உடுத்திய சீமாட்டிகளும் கோட்டுப் போட்ட துரைமார்களும் மரக்கட்டை மேல் உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப்பக்கம் புதுமடம் கடற்கரையில் எந்தக் குடிசைக்குள் நுழைந்தாலும் இதே வலை, இதே ஓலை, இதே பேத்தை. அங்கே சும்மா உட்காரலாம். இங்கே உட்கார இவர்கள் சமுத்திரம் தாண்டி வந்திருந்தார்கள். கூத்தையா பெட்டியைத் தோளில் வைத்தபடி அரைமணி நேரம் சுவரோரம் நின்றார். ஒரே ஒரு தடவை, இப்படியொரு பாரின் முன்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது.

அதனால்தான் ஐம்பத்தேழாம் வருஷம் கப்பலை விட்டு ஊரோடு வந்ததும், தெருப்பக்கம் சும்மா கிடந்த அறையில் கை வைத்தார். புளிப்பானையும் விறகும் கிடந்த அறை.

"அதுக்குள்ள என்ன செய்யப் போறீக?" என்றாள் நாகலெட்சுமி.

"ராக்கைப் பாக்க நயினார்கோவில்லருந்து வர்றாகல்ல. உக்கார வைக்க ஒரு இடம் வேணாமா?"

ராக்கு அவர்களுடைய ஒரே மகள். நயினார்கோவிலில் பூவலிங்கம் என்ற சம்சாரி, தன் மகனுக்கு அவளைக் கேட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். நஞ்சையும் புஞ்சையும் உள்ள குடும்பம். வார்த்தை சுத்தமான மனிதர் என்று பெயர். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

"வர்றவுகளுக்கு நாலு நாற்காலி போட்டா ஆகாதா?"

"நாற்காலி எல்லா வீட்டுலயும் இருக்கு" என்றார் கூத்தையா. அந்தப் பதிலில் இருந்த பெருமையை நினைத்துப் பின்னாளில் அவரே பலமுறை தலையில் அடித்துக்கொண்டார்.

சாமி முகம் செதுக்கத் தச்சர் மூக்கையா வந்தார். கூத்தையா தரையில் கரித்துண்டால் படம் போட்டுக் காட்டினார். மூக்கையா நாலு நாள் பனங்கட்டையைக் குடைந்து ஒரு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"இது யாரு மூக்கையா?"

"எங்க மச்சினன். யாரைச் செதுக்குனாலும் அவன் மொகம்தான் கையில வருது. கோவிச்சுக்கிறாதீக. ரெண்டு வருசமாப் பேச்சு வார்த்தை கிடையாது."

மச்சினரை மூலையில் நிறுத்தினார்கள். ஓலை வேய்ந்தார்கள். வலை கட்டினார்கள். ராக்கு காத்தாடித் தாளையும் ஈர்க்கையும் வைத்துச் சின்னச் சின்னக் குடைகள் செய்தாள். சிரட்டை விளிம்பில் செருகுவதற்கு. கடைத்தெருவில் சர்பத் கடை வைத்திருந்த பாக்கர், கூத்தையாவின் பால்ய சினேகிதர், நன்னாரியும் எலுமிச்சையும் கொடுத்து அனுப்பினார். வாசலில் 'டிக்கி பார்' என்று பெயிண்டர் எழுதிய பலகை ஏறியது.

திறப்பு விழாவுக்கு எட்டுப் பேர் வந்தார்கள். மரக்கட்டையில் உட்கார்ந்து, ஓலையை அண்ணாந்து பார்த்து, இளநீரும் நன்னாரியும் கலந்த பானத்தைச் சிரட்டையில் குடித்தார்கள். குடை மூக்கில் குத்தியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பாக்கர். "ஆனா ஒண்ணுப்பா. கடப்பொறத்துல காத்தாச்சும் வரும்."

இரண்டாவது சுற்றுக் கேட்டார்கள். சிரட்டை எட்டுத்தான் இருந்தது. கூத்தையா எச்சில் சிரட்டைகளை வாங்கிக்கொண்டு, ஊற்றிக் கொடுக்கும் மேடைக்குப் பின்னால் போனார். கழுவினார். துடைத்தார். ஊற்றிக் கொடுத்தார். மறுபடி வாங்கிக் கழுவினார். விழா முடிந்து எல்லோரும் போன பிறகுதான், முன்பக்கம் ஒரு நிமிஷம்கூடத் தான் உட்காரவில்லை என்பது உறைத்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நாகலெட்சுமி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மதுவிலக்கு வந்த புதிதில் ராமநாதபுரத்தில் ஒரு மச்சுவீட்டில் 'பான ஒழுங்கு அலுவலகம்' என்று ஒன்று முளைத்திருந்தது. கள் இறக்குபவர்களையும் சாராயம் காய்ச்சுபவர்களையும் பிடிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். இவர்கள் வேலை ஒழுங்கை மேற்பார்ப்பது. எதை எப்படி மேற்பார்ப்பது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். பதில் வரும்வரை எல்லாவற்றையும் மேற்பார்த்தார்கள்.

விழா முடிந்த மூன்றாம் நாள் அங்கிருந்து இன்ஸ்பெக்டர் இருளாண்டி, ஒரு குமாஸ்தா, இரண்டு சேவகர்களோடு வந்து இறங்கினார். வாசல் பலகையை மூன்று தடவை படித்தார்.

"இங்க பார் நடக்குதா?"

கூடவே ஓடி வந்த பாக்கர் முந்திக்கொண்டார். "இல்ல சார். அது தமிழ் வார்த்தை. பார்னா, பாத்துட்டுப் போங்கன்னு அர்த்தம்."

இருளாண்டி யோசித்தார். "அப்படின்னா 'பாருங்கள்'னு இருக்கணும். பொதுமக்களை ஒருமையில கூப்பிடறது எந்த விதியில இருக்கு?" குமாஸ்தாவிடம் திரும்பினார். "எழுதிக்க. மரியாதைக் குறைவு."

உள்ளே வந்ததும் வீட்டில் இருந்த எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஊதச் சொன்னார். கூத்தையா ஊதினார். பாக்கர் ஊதினார். இருளாண்டி ஒவ்வொருவர் வாயருகிலும் மூக்கை நீட்டிக் கண்ணை மூடி இழுத்தார். பாக்கரிடம் சற்று அதிக நேரம் நின்றார்.

"ஏலக்காய்" என்றார் பாக்கர்.

"நானே கண்டுபிடிச்சுருவேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சிரட்டைகளை முகர்ந்தார்கள். ஓலைக் கூரையைக் கம்பால் குத்திப் பார்த்தார்கள். பேத்தை மீனை இறக்கிக் குலுக்கினார்கள். இரண்டு மணி நேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் இருளாண்டியின் முகத்தில் கவலை படர்ந்தது. குமாஸ்தா எழுதிய மகஜரைக் கூத்தையாவுக்குப் படித்துக் காட்டினார்கள். 'சிரட்டை எட்டு. சந்தேகத்துக்கிடமான குடை பதினாறு. மனித முகம் செதுக்கிய மரம் ஒன்று. முகம் யாருடையது என்று விசாரித்ததில் தச்சரின் மச்சினருடையது எனத் தெரியவருகிறது. மச்சினர் விசாரணைக்கு அகப்படவில்லை.'

"சார், இங்கன எதுவுமே இல்லையே" என்றார் கூத்தையா.

"அதான் சந்தேகமா இருக்கு. வழக்கமா ஏதாவது இருக்கும். பாட்டிலை எடுப்போம், ஆளைப் பிடிப்போம், போயிடுவோம். ஒண்ணுமே இல்லாத பாரை இந்த உத்தியோகத்துல நான் பாத்ததில்லை. எங்கயோ ரொம்ப நல்லா ஒளிச்சு வச்சிருக்கீங்க." கதவைப் பார்த்தார். "மேலதிகாரி முன்னால ஆஜராகுங்க. இல்லைன்னா சீல் வைக்க வேண்டியிருக்கும்."

"அந்த ரூமுக்கா?"

"வீட்டுக்கு. ரூமுக்கு வைக்கிற அளவுக்குச் சின்ன சீல் எங்ககிட்ட இல்லை."

மறுநாள் காலைப் பஸ்ஸில் கூத்தையாவும் பாக்கரும் ராமநாதபுரம் போனார்கள். மேலதிகாரி வயதானவர், சாந்தமானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பேசினார்.

"மிஸ்டர் கூத்தையா, மது உள்ள பாருக்கு விதி இருக்கிறது. மூடிவிடுவோம். மது இல்லாத வீட்டுக்கு விதி தேவையில்லை. மது இல்லாத பார் என்று ஒன்று வரும் என விதி எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அதுதான் சிக்கல். செய்திருந்தால் பத்து நிமிஷத்தில் அனுப்பிவைத்திருப்பேன்."

"பலகையக் கழட்டிர்றேன் சார்."

"தடயத்தை அழித்ததாகிவிடும்."

"அந்த ரூமையே பிரிச்சுப் போட்டுர்றேன்."

"அது பெரிய தடயம்." மேலதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாக்கரையும் சேர்த்துப் பார்த்துப் பேசினார். "வெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் கஷ்டம் தெரியாது. அலுவலகம் ஆரம்பித்தபோது நாங்கள் ஏழு பேர். இன்று எங்கள் புள்ளிவிவரப்படி இந்த வட்டாரத்தில் குடிக்கிறவர் ஒருவர்கூட இல்லை. நாங்கள் முப்பத்தொரு பேர் இருக்கிறோம். இருப்பதைக் கண்காணிக்க ஏழு பேர் போதும். இல்லாததைக் கண்காணிக்க முப்பத்தொரு பேரும் போதவில்லை."

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மது இல்லாமல் இருக்க முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. சீட்டு உள்ளவர் சொந்த வீட்டில் சொந்த அறையில் உட்கார்ந்து குடிக்கலாம். அந்த அறை எப்படி இருந்தாலும் அலுவலகம் கேட்காது.

"நான் குடிக்கிறதில்லையே சார்."

"குடிக்க வேண்டாம். சீட்டு மட்டும் இருக்கட்டும். நீங்கள் குடிகாரர் என்று நிரூபணமாகிவிட்டால், குடிக்காமல் இருப்பது உங்கள் இஷ்டம்."

திரும்பும் பஸ் தேவிபட்டினம் தாண்டியபோது பாக்கர், "வீட்டுக்கு சீல் வச்சா எங்கப்பா படுப்ப?" என்றார். கூத்தையாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ராக்கைப் பூட்டிய வீட்டு வாசலில் வைத்தா பெண் பார்க்கச் சொல்வது?

அடுத்த வாரம் தேர்வுக் குழு கூடியது. மேலதிகாரி, ஒரு டாக்டர், குறிப்பெடுக்க இருளாண்டி. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை அமுக்கினார்.

"எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள்?"

கூத்தையாவுக்கு அந்த இடத்தில் பொய் வரவில்லை. "குடிச்சதே இல்லைங்க."

டாக்டர் தலையை ஆட்டியபடி எழுதினார். 'நோயாளி மறுக்கிறார். முற்றிய நிலை.' கையை நீட்டச் சொன்னார். பதினோரு வருஷம் ஆடுகிற கப்பலில் கண்ணாடி பிடித்த கை, அசையாமல் நின்றது. 'நடுக்கம் இல்லை. உடம்பு முழுமையாகப் பழகிவிட்டது' என்று அதையும் எழுதினார்.

"கப்பலில் பாரில் இருந்ததாகக் கேள்விப்பட்டேன்" என்றார் மேலதிகாரி.

அந்த ஒரு கேள்வியில் கூத்தையா வழுக்கி விழுந்தார். உத்தியோகத்தில் உள்ள மூன்று பேர் பேனாவோடு உட்கார்ந்து தன் கப்பல் கதையைக் கேட்பது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மீசைக்குக் கை போனது. தம்ளரின் அடியில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலையும் செர்ரிக் கொட்டையையும் வைத்து, உள்ளே என்ன இருந்திருக்கும் என்று பதினோரு வருஷம் ஊகித்தவர் அவர். எல்லாம் இப்போது கைகொடுத்தது. அன்னாசியைக் குடைந்து அதற்குள் இரண்டு வகை ரம் ஊற்றியது, ஜாதிக்காய் தூவியது, ஐஸை மாவாக இடித்துப் போட்டது, ஒரே இருப்பில் தான் ஒன்பது குடித்துவிட்டு நேராக நடந்து போய்க் கேப்டனுக்கு சலாம் வைத்தது எல்லாவற்றையும் சொன்னார்.  டாக்டர் இரண்டு முறை எச்சில் விழுங்கினார். இருளாண்டி எழுதுவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

"குடி எப்படிப்பட்ட அரக்கன் என்பதற்கு இவர் வாழும் சாட்சி" என்றார் மேலதிகாரி தழுதழுத்த குரலில். பிறகு, "அந்த அன்னாசியில் வெள்ளை ரம் எத்தனை பங்கு, கறுப்பு எத்தனை பங்கு? பைலுக்காகத்தான் கேட்கிறேன்" என்றார்.

சீட்டு வந்தது. அதோடு ஒரு அறிவிப்பும் வந்தது. விதிப்படி அதைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டினார்கள். 'தொண்டி, கூத்தையா, தீராக் குடியர், முதல் நிலை.' மாவட்டத்திலேயே முதல் நிலை அவர் ஒருவர்தான் என்று இருளாண்டி பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றே நாளில் சேதி நயினார்கோவில் போய்ச் சேர்ந்தது. பூவலிங்கத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'தை மாதம் வருவதற்கில்லை. பிறகு யோசித்து எழுதுகிறோம்.' ராக்கு அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அழவில்லை. மறுநாள் காத்தாடித் தாள் மிச்சத்தை எல்லாம் எடுத்து அடுப்பில் போட்டாள். கூத்தையா அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

அது போதாது என்று மாதக் கடைசியில் ஒரு நோட்டீஸ். அனுமதிக்கப்பட்ட அளவை அவர் வாங்கவே இல்லை. முதல் நிலைக் குடியர் ஒருவர் ஒரு மாதம் வாங்காமல் இருந்தால், கள்ளத்தனமாக வேறெங்கோ குடிக்கிறார் என்றுதான் அர்த்தம். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

கூத்தையா போய் ஒரு பாட்டில் பிராந்தி வாங்கி வந்து மூலையில் வைத்தார். ஒவ்வொரு புதன்கிழமையும் இருளாண்டி வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"குறையவே இல்லையே."

"ஊத்திர்றேன் சார்."

"முத்திரை போட்ட சரக்கைக் கொட்டறது குற்றம். அடுத்தவங்களுக்குக் கொடுக்கறதும் குற்றம்."

"எனக்கு முட்டி வலிங்க" என்றாள் நாகலெட்சுமி கதவோரமிருந்து. "தேச்சுக்கிறட்டுமா?"

"அது வெளிப்பிரயோகம்மா. சீட்டு உள்பிரயோகத்துக்கு."

வேறு வழியில்லாமல், அரசாங்க சாட்சி முன்னிலையில், கூத்தையா ஒரு வாய் குடித்தார். தொண்டையில் தீப்பிடித்தது. எழுந்து ஓடி வாசலில் வாந்தி எடுத்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. முதல் நிலை என்றால் சும்மாவா என்று யாரோ சொன்னார்கள். இருளாண்டி பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எத்தனை பேரு ஏங்கிக் கிடக்கிறான். சரி, மாதிரி எடுக்க எங்களுக்கு விதியில இடமிருக்கு." பையிலிருந்து ஒரு பெரிய வாய் வைத்த பிளாஸ்கை எடுத்தார். அதற்குப் பிறகு புதன்தோறும் மாதிரி எடுக்கப்பட்டது. அளவு ஒழுங்காகக் குறைந்தது. மாதிரிகளின் சோதனை முடிவு ஒருநாளும் வரவில்லை.

கார்டு வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் நாகலெட்சுமி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க தம்ளர் கழுவுனவுகன்னு எனக்குப் பத்து வருசமாத் தெரியும்."

கூத்தையா கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"கழுவுனா என்ன? களவாண்டீகளா? அந்தப் பவுசு இல்லாமலே நீங்க நல்ல மனுசன்தான். இப்ப அது எம் பொண்ணு கழுத்துல வந்து நிக்குது. அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க."

அவர் கொண்டுபோனார். சீட்டைத் திருப்பித் தர ஒரே ஒரு வழிதான் இருந்தது, குணமாக வேண்டும். குணமாக வேண்டுமானால் எட்டு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து மேலதிகாரியின் நல்லுரையைக் கேட்க வேண்டும். கூத்தையா எட்டையும் கேட்டார். ஐந்தாவது வெள்ளியில் குறட்டை விட்டார்; அது 'மன அமைதி திரும்புகிறது' என்று பதிவானது. எட்டாவது வெள்ளி சீட்டை வாங்கிக்கொண்டு அவருக்கு மாலை போட்டார்கள். அலுவலகம் தொடங்கியதிலிருந்து குணமான முதல் ஆள் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தொரு பேரும் நின்று கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குணமான ஆளைச் சும்மா விடுவார்களா? ஊர் ஊராக மேடையேற்றத் தீர்மானித்தார்கள். முதல் கூட்டம் நயினார்கோவிலில்.

கோயிலுக்கு எதிரே மைதானத்தில் பந்தல். சாயங்கால வெயில். முன்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் பூவலிங்கம். பக்கத்தில் அவர் மகன்.  மேலதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். "எங்கள் அலுவலகம் இல்லையென்றால் இவர் குடிகாரராகியே இருக்க மாட்டார்" என்று ஒரு இடத்தில் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. பிறகு மைக்கைக் கூத்தையாவிடம் தந்தார்கள்.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். அன்னாசியும் ஜாதிக்காயும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. ராக்கு அடுப்பில் போட்ட காத்தாடித் தாள் ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கப்பல்ல பார்ல இல்ல. பாருக்குப் பின்னால தம்ளர் கழுவுனேன். பதினோரு வருசமும் அதே வேலைதான். ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. ஒரே ஒரு தடவை குடிச்சேன், அதுவும் இந்த இன்ஸ்பெக்டரு முன்னால. வாந்தி எடுத்துட்டேன். வீட்டுல ஒரு ரூமை அழகா வைக்கணும்னு ஆசைப்பட்டேன். வெறும் பவுசு. அது இம்புட்டு தூரம் இழுத்துட்டு வந்துருச்சு. என் மேல எனக்கே சிரிப்பா வருது. அம்புட்டுத்தான்."

 பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் மேலதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். மேலதிகாரியின் முகம் வாடியது. எழுந்து வந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"பெருமக்களே, மனம் தளர வேண்டாம். குடிக்கவே இல்லை என்று சாதிப்பது முற்றிய நிலையின் முதல் அடையாளம். நோய் திரும்பிவிட்டது. எங்கள் பணி இன்னும் முடியவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது."

அங்கேயே, அதே மேடையில், சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த நிதியாண்டில் அலுவலகத்துக்கு மேலும் ஒன்பது பேர் வேண்டும் என்று எழுத அந்த நிகழ்ச்சி பெரிதும் உதவியதாகப் பிறகு கேள்வி.

கூட்டம் கலைந்தது. கூத்தையா பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். வெட்கம் ஒரு பக்கம், ஏதோ இறக்கிவைத்த நிம்மதி ஒரு பக்கம். பூவலிங்கம் நேராக அவரிடம் வந்தார்.

"நீங்க சொன்னதை நான் நம்புறேன்."

"நம்புறீகளா?"

"எங்க ஊருல உள்ள குடிகாரனையெல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தன்கூடத் தன்னைப் பாத்துத் தானே சிரிக்க மாட்டான். நாலு பேருக்கு முன்னால தம்ளர் கழுவுனேன்னு சொல்றவரு வீட்டுப் பொண்ணு எங்களுக்குப் போதும். வர்ற வளர்பிறையில வாரோம்."

கூத்தையா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பூவலிங்கம் மகனைப் பார்த்து, "நீ போய் வண்டியப் பூட்டு, வாரேன்" என்று அனுப்பினார். மகன் மைதானம் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கூத்தையாவின் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி, ஒரு சங்கதி. அறுப்பு நேரத்துல உடம்பு வலிக்குன்னு நான் எப்பவாச்சும் ஒரு வாய் போடுறது உண்டு. ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்க வேண்டியிருக்கு. ரெண்டு தடவை சீட்டுக் கேட்டு எழுதிப் போட்டேன், தள்ளிட்டாக. இந்தச் சீட்டு வாங்க அங்க என்ன சொல்லணும்?"

கூத்தையா தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மேடையில் இன்னும் முகம் வாடிய மேலதிகாரிக்கு இருளாண்டி சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கிறேன்னு உண்மைய எழுதியிருப்பீக."

"ஆமா."

"குடிச்சதே இல்லைன்னு எழுதுங்க. உடனே கொடுத்துருவாக."